கிடங்கில் எலுமிச்சைப்புல் வாசம்

என் அண்ணிக்கு எங்கள் விவசாயிகள் சங்கத்தின் விதைக் கிடங்கில் வேலை. பதிவேட்டில் 'இருப்புக் கண்காணிப்பாளர்' என்று எழுதியிருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அவள் 'மூக்கு அக்கா'. நான் அதே கிடங்கில் சாக்கு தைக்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக ஊசியும் சணலுமாக அவள் கண்ணெதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்று நினைக்கிறவர்கள் நேரில் வந்து பேசட்டும்.

காலை எட்டு மணிக்கு இரும்பு ஷட்டரைத் தூக்கியதும் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. அண்ணி முதலில் வாசலில் நிற்பாள். வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் ஒரே ஒரு மூச்சு. அடைந்து கிடந்த காற்று முதல் மூச்சில்தான் உண்மையைச் சொல்லும், இரண்டாவது மூச்சிலேயே மூக்கு பழகிப்போய்ப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பாள். அதன் பிறகு "வாங்க" என்றால் வேலை தொடங்கும். "இருங்க" என்றால் எங்கோ ஒரு மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது, அல்லது வண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நேராக நடந்துபோய் ஒரு மூட்டையைத் தொட்டுக் காட்டுவாள். சாக்கைக் கிழிக்காமல் உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டும் குழல் போன்ற குத்தூசியைச் செருகி இழுத்தால், சோளத்தோடு நாலு கூன்வண்டும் சேர்ந்து வந்து விழும். ஒரு தடவைகூட அவள் தப்பாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்த மூக்கால் எங்கள் குடும்பத்துக்கு வந்த தொல்லையும் கொஞ்சநஞ்சமில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம், "உங்க அலமாரிக்குப் பின்னால எலி செத்துக் கிடக்கு" என்று சொல்லிவிட்டாள். அலமாரியை நகர்த்திப் பார்த்தார்கள், கிடந்தது. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. மூட்டைக்காரர்களில் ஒருவர் குடியை விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்த மறுநாளே, "குடிச்சது சத்தியத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று அண்ணி கேட்டாள். அவர் ஒரு வாரம் அவள் பக்கமே வரவில்லை.

அந்தக் காலத்தில் அந்த மூக்கு ஒரே ஒரு நாள் கைவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு பகல்.

அப்போது கிடங்குக்குப் பூச்சிமருந்து வைக்கிறவன் என் அண்ணன். மருந்து என்றால் மாத்திரை. மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, அடியில் மாத்திரைகளை வைத்துவிட்டால், காற்றிலிருக்கும் ஈரம் பட்டு அதிலிருந்து விஷவாயு கிளம்பும். பூச்சி சாகும். மனிதன் இருந்தால் மனிதனும் சாவான். அண்ணன் காலையில் வைத்து முடித்து, ஷட்டரைப் பூட்டி, இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டிவிட்டு, பக்கத்துச் சாக்கு அறையில் சாக்குக் குவியல்மேல் படுத்துக்கொண்டான். அந்தக் குவியலுக்குப் பின்னால் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு அண்ணி சாப்பாட்டோடு வந்து, அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, தூங்கட்டும் என்று எழுந்து போனாள். அந்த வாயுவுக்கு அழுகிய பூண்டு வாசம் இருக்கும். அன்றைக்கு அவளுக்குச் சளி. நாலு மணிக்கு நான்தான் போய் அவனை எழுப்பினேன். எழுப்பினேன் என்ன, உலுக்கிக்கொண்டே இருந்தேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. குட்டி என்று கூப்பிடுவோம், இன்றைக்கும் அப்படித்தான். அதன்பின் மாத்திரை வைக்க வெளியிலிருந்து ஆட்கள் வந்துபோனார்கள். அவர்கள் வரும் வாரம் முழுக்க அண்ணி சரியாகச் சாப்பிட மாட்டாள், மகளைக் கிடங்குத் தெருவிலேயே நடக்க விடமாட்டாள். அவள் வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த மாத்திரை டப்பா இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. குட்டி வளர்ந்து அதே கிடங்கின் எடைபோடும் அறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த ஆசை வெறியாகவே ஆகிவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேளாண் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்தார். கையில் சின்னச் சின்னப் பழுப்பு பாட்டில்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய், கிராம்பு எண்ணெய், இன்னும் ஏதேதோ இலைகளின் எண்ணெய். ஒரு கண்ணாடி ஜாடியில் சோளத்தைப் போட்டு, இருபது வண்டை விட்டு, பஞ்சில் சில சொட்டு தொட்டு மூடியில் ஒட்டி வைத்தார். மறுநாள் காலையில் இருபதும் காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. அண்ணி ஜாடிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மனுஷங்களை என்ன பண்ணும் மேடம்?" என்றாள்.

"கண்ணுல பட்டா எரியும். துணியில பட்டா நாலு நாளைக்கு வாசம் போகாது. வேற ஒண்ணுமில்லம்மா."

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

மேடம் நல்லவர், ஒன்றையும் மறைக்கவில்லை. "ஜாடி வேற, கிடங்கு வேறம்மா. இந்த வாசம் மூட்டை அடுக்கோட நடுவுக்குச் சரியா போய்ச் சேராது. சில பூச்சி சாகாம, வாசம் பிடிக்காம ஓடும். எங்க ஓடுதுன்னு பாக்கணும். பத்து நாளைக்கு ஒருக்கா மேல் மூட்டையை இறக்கி நடு மூட்டையைக் குத்திப் பாருங்க. வாசம் குறையுதேன்னு அதிகமா ஊத்தினா விதை முளைக்காது." இதையெல்லாம் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டும் போனார். நானும் பக்கத்தில் நின்று பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

சங்கத்தில் மாத்திரையை நிறுத்த அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். தலைவர் சம்மதித்தார். முதல் இரண்டு வருஷம் விதை நன்றாகக் காய்ந்து வந்தது. எண்ணெய் நனைத்த துணிப்பட்டைகளை மூட்டைகளுக்கிடையே தொங்கவிட்டோம். அடுக்கைச் சுற்றி வண்டுகள் செத்து விழுந்தன. தலைவர் பாட்டிலைக் கையில் பிடித்து போட்டோகூட எடுத்துக்கொண்டார். என்னவோ அவரே புல்லைப் பிழிந்த மாதிரி.

நடு மூட்டையைக் குத்திப் பார்க்கிற வேலை மட்டும் ஆறு மாதத்தில் நின்றுபோயிற்று. நாற்பது மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும், மூட்டைக்காரர்கள் முனகினார்கள். அதற்கென்ன, அண்ணியின் மூக்கு இருக்கிறதே என்று எல்லோருமே நினைத்தோம். அவளும் தினமும் வாசலில் நின்று அந்த ஒரு மூச்சை இழுத்தாள். ஆனால் இப்போது அவள் சொன்னது வேறு. "வாசம் இருக்கு, வாங்க" என்றாள். முன்பெல்லாம் கெட்ட வாசம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இப்போது எண்ணெய் வாசம் இருந்தால் போதும், உள்ளே எல்லாம் சரி என்று ஆகிவிட்டது. மூக்கு இல்லாதவன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான், குத்தூசியை எடுத்திருப்பான். இது எனக்கு உறைக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மரமண்டை.

மூன்றாவது வருஷம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. குட்டி ஈரமானியில் விதையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது இன்னும் ரெண்டு வாரம் காயணும்" என்றாள். வெயிலோ கடனுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. நாலு நாள் களத்தில் பரப்பி, அள்ளி, மூட்டை கட்டி, தனித்தனியாக மூன்று அடுக்காக அடுக்கினோம். அடுத்த விதைப்புக்கு முந்நூறு குடும்பம் நம்பியிருந்த விதை முழுக்க அந்த மூன்று அடுக்கில் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து முதல் அடுக்கில் ஒரு மூட்டை கொக்கி பட்டுக் கிழிந்தது. இறக்காமல் அங்கேயே தைத்துவிடலாம் என்று இடுக்கில் நுழைந்தேன். கிழிசலைப் பிடிக்க உள்ளே கையை விட்டேன். காய்ச்சல் குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது. வெளியே எடுத்த கையில் மாவு ஒட்டியிருந்தது. சாக்கில் காதை வைத்தேன். உள்ளே மெல்லிய சத்தம், நிற்காமல், கரகரவென்று. எண்ணெய்க்குப் பயந்து ஓடிய வண்டெல்லாம் வெளியே ஓடவில்லை. நடுவே குடியேறியிருந்தன.

அண்ணி பின்பக்கக் குழாயடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, முதல் அடுக்கு நடுவுல சுடுது."

"தெரியும்" என்றாள். கழுவுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமா? எப்பத்திலேர்ந்து?"

"நாலு நாளா. கை வெச்சுப் பார்த்தேன்."

"கை வெச்சா? உங்க மூக்குக்கு என்ன ஆச்சு?"

அவள் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாள். "அடுப்புல பால் பொங்கிக் கருகுது, எனக்குப் புல் வாசந்தான் வருது. சாக்கடைப் பக்கம் போனாலும் புல் வாசம். குட்டி தலையை மோந்து பார்க்கிறேன், அதுலயும் அதே வாசம். ஒரு வருஷமாச்சு தம்பி. வேற எதுவும் தெரியல."

ஒரு வருஷமாக அவள் தினமும் காலையில் வாசலில் நின்று இழுத்த மூச்சும், சொன்ன "வாங்க"வும் என் கண்முன் வந்தன. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன் நான். அன்றைக்குப் பார்த்துப் பயம்தான் வந்தது.

"தலைவர்கிட்ட சொல்லிடலாம் அண்ணி."

"சொன்னா உடனே மாத்திரைன்னுவாரு. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் எடை அறையில யாரு உட்கார்ந்திருக்கான்னு உனக்குத் தெரியாதா?" என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாள் குடு. எண்ணெயைக் கொஞ்சம் கூட வெச்சுப் பார்க்கிறேன். பத்தே நாள்."

அந்த நிமிஷமே தலைவரிடம் போயிருந்தால் ஒரு அடுக்கைப் பிரித்து வெயிலில் கொட்டியிருப்போம். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் "சரி" என்றேன். பிழை அவளுடையது மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பத்து நாளில் கிடங்குக்குள் வாசம் தொண்டையைப் பிடித்தது. மூட்டைக்காரர்கள் தலைவலி என்று வெளியே போய்ப் போய் உட்கார்ந்தார்கள். கூரை இடுக்கில் கூடு கட்டியிருந்த குருவிகள் ஒரு நாள் காணாமல் போயின. தரையில் ஒரு வண்டு கிடையாது, சுவரில் ஒரு அந்துப்பூச்சி கிடையாது. "பூச்சியெல்லாம் ஊரையே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு அக்கா" என்று ஒருவர் சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். அவ்வளவு சுத்தமான தரையைப் பார்த்ததும் நான் அடுக்கின்மேல் ஏறிப் பார்த்தேன். மேல் மூட்டைகளின் சாக்கு வியர்த்து நனைந்திருந்தது. எட்டாம் நாள் இரண்டாவது அடுக்கின் நடுவே கையை விட்டேன். அதுவும் சுட்டது.

நான்காம் நாளே அண்ணி ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் நூறு விதை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஒன்பதாம் நாள் பகல், சாக்கு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பிரித்துப் பார்த்தோம். மூன்றாவது அடுக்கில் எண்பத்தெட்டு முளைத்திருந்தன. இரண்டாவதில் நாற்பத்தாறு. முதல் அடுக்கில் பத்தொன்பது. மிச்சம் எண்பத்தொன்றும் துணிமேல் அப்படியே கிடந்தன. சிலதில் ஓட்டை. சிலதில் ஓட்டையே இல்லை, பார்க்க முழுசாக இருந்தது, ஆனாலும் முளைக்கவில்லை. வண்டு கொன்றது எவ்வளவு, எண்ணெய் கொன்றது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

அண்ணி துணியை மடித்து எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். தலைவரும் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் இருந்தார்கள்.

"வண்டு உள்ள போயிடுச்சு. எனக்கு மூக்கும் போயிடுச்சு. தெரிஞ்சே மறைச்சேன்" என்று சொல்லித் துணியை மேசைமேல் விரித்தாள்.

நானும்தான் மறைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

தலைவர் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அந்த விதைகளை விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். "மூணாவது அடுக்கையாவது காப்பாத்தணும்கா. மாத்திரைதான் வழி. வெளி ஆளுங்களுக்குப் போன் பண்ணா ஒரு மாசம் ஆகும்பாங்க. அதுக்குள்ள இதுவும் போயிடும்."

"நான் வைக்கிறேன்" என்றாள் அண்ணி.

"சான்றிதழ் இல்லாம டப்பாவையே தொடக் கூடாது. இப்ப சட்டம் அப்படி."

"என்கிட்ட இருக்கு."

திரும்பிப் பார்த்தோம். எடைச்சீட்டுக் கட்டோடு குட்டி கதவருகே நின்றிருந்தாள்.

"என்னடி இருக்கு?" என்றாள் அண்ணி.

"சான்றிதழ். போன வருஷம் ஆறு சனிக்கிழமை போனேனே."

"கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொன்ன."

"நிஜத்தைச் சொன்னா விட்டிருப்பியா?" குட்டி எடைச்சீட்டுக் கட்டை மேசைமேல் வைத்தாள். "உன் எண்ணெய் எல்லா மழைக்கும் தாங்காதும்மா. என்னைக்காவது ஒருநாள் யாராவது உள்ள போகத்தான் வேணும். தெரியாதவங்க போய் வெச்சா என்ன ஆகும்னு நம்ம வீட்டைவிட யாருக்குத் தெரியும்?"

அண்ணி அவளை அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். கை பாதி வரை எழுந்தது. பிறகு பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கசிஞ்சா வாசம் வருமில்ல? வாசம் வந்தா உடனே ஓடி வந்துருவியா?" என்று கேட்டாள்.

"மூக்கை நம்பாதேன்னுதான் முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் மகள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குட்டி முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு பேராகப் போக வேண்டும் என்று விதி. சான்றிதழ் உள்ளவள் அவள் ஒருத்திதான், தனியாகவே போனாள். டப்பாவைத் திறந்த அரை மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், அதற்குமேல் வாயு கூடிவிடும். பதினாலு நிமிஷத்தில் வந்தாள். மூன்றாவது அடுக்கு பிழைத்தது. இரண்டாவதில் தேறியதையும் சேர்த்து ஆளுக்குப் பாதி விதை கிடைத்தது; பாதி நிலம் சும்மா கிடந்தது. அதற்காக யாரும் அண்ணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவில் பார்த்தால் நகர்ந்து வழிவிட்டார்கள். அது அவளை இன்னும் கொன்றது.

பெரிய அடுக்குகளுக்கு இப்போது எண்ணெய் கிடையாது. காய்கறி விதை வைக்கிற சின்னச் சின்ன டப்பாக்களுக்கு மட்டும் அண்ணி சொட்டு எண்ணித் தொட்டு வைக்கிறாள். அதில் ஒரு வண்டும் பிழைப்பதில்லை. காலையில் வாசலில் நின்று மூச்சிழுப்பதை விட்டுவிட்டாள். ஷட்டரைத் தூக்கியதும் எல்லோரும் பேசிக்கொண்டே உள்ளே போகிறோம்.

குட்டிக்குத் தலைவர் அந்த வேலையையே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். அண்ணன் போனதிலிருந்து சொந்த ஆள் போடாமல் வைத்திருந்த வேலை. அவளுக்குச் சந்தோஷம். வருஷத்துக்கு நாலு தடவை உள்ளே போகிறாள். விளைச்சல் கூடி, அடுக்கு ஐந்தாகிவிட்டது. பதினாலு நிமிஷம் பதினெட்டாயிற்று, இருபதாயிற்று. "கை பழகிடுச்சு சித்தப்பா, பயமே இல்ல" என்கிறாள். போன தடவை வெளியே வந்து கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "முகமூடிக் கண்ணாடியில என் மூச்சே படிஞ்சு ஒண்ணும் தெரியல. ஒரு நிமிஷம் விலக்கித் துடைச்சுக்கிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க." சண்டை போட்டிருக்க வேண்டும், தலைவரிடம் போயிருக்க வேண்டும். நான் சரி என்றேன்.

அவள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க அண்ணி ஷட்டருக்குப் பத்தடி தள்ளி நிற்பாள். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறாள். அதைப் பார்க்க மாட்டாள். என்னைத்தான் கேட்பாள்.

நேற்றும் கேட்டாள். "உள்ள போய் எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?"

இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. பத்து என்றேன்.